பதினெட்டு இரவுகளும் எழுநூறு அத்தியாயங்களும்

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கூத்தை நேசிப்பவர்களுக்கும் சங்கடம் தரும், ஜப்பானியப் படக்கதையான மாங்காவை நேசிப்பவர்களுக்கும் சங்கடம் தரும். திண்டிவனம், செஞ்சி உள்ளிட்ட இந்த விழுப்புரம் மாவட்டம் திரௌபதி அம்மன் திருவிழாவும் தெருக்கூத்தும் ஆழ வேரோடிய மண். இந்த மண்ணின் பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அபிமன்யுவின் கதையை முழுதாகச் சொல்லத் தெரியாது. மாங்கா நாயகன் நருட்டோ யாரிடம் எந்த வித்தையைக் கற்றான், எந்தச் சண்டையில் ஏன் தோற்றான் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார்கள். பெரியவர்கள் இதற்கு வைத்திருக்கும் விளக்கம் நமக்கெல்லாம் மனப்பாடம்: அயல்நாட்டு மோகம், சண்டை வெறி, கையில் போன். இந்த மூன்றும் மேலோட்டமான காரணங்கள் என்பது என் கட்சி. அந்தப் பிள்ளைகள் தேடிப் போனது ஒரு நீண்ட கதையை. சபதம், பயிற்சி, தோல்வி, காத்திருப்பு, மீட்சி என்று படிப்படியாக ஏறும் வீரக்கதையை. அதே கதைக்கட்டு நம் கூத்தில் இருக்கிறது. ஆனால் நம் வட்டாரக் கலைகளைத் தூக்கி நிறுத்துவதாகச் சொன்ன தொலைக்காட்சி, கூத்தின் கிரீடத்தையும் அரிதாரத்தையும் படம் பிடித்ததே தவிர கதையைப் படம் பிடிக்கவில்லை. இதை நிறுவிக் காட்டவே இந்த உரை.

முதலில் கூத்தின் கதைக்கட்டைப் பார்ப்போம். செஞ்சிக் கோட்டையை ஒட்டிய மேலச்சேரியைத் திரௌபதி வழிபாட்டின் தாய்வீடாகப் பக்தர்கள் கருதுகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988இலும் 1991இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு இந்தச் செஞ்சி வட்டாரத்தைச் சுற்றியே எழுந்தது. திருவிழாக் காலத்தில் பகலில் பாரதப் பிரசங்கி வில்லிபாரதத்தை விரித்துச் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்துக்காரர்கள் விடிய விடிய ஆடுவார்கள். ஊரின் வசதியைப் பொறுத்துப் பத்து இரவு நடக்கும், பதினெட்டு இரவும் நடக்கும். வில் வளைப்பு, துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று கதை நகரும். துகிலுரிதல் இரவில் பாஞ்சாலி கூந்தலை அவிழ்த்துப் போட்டுச் சபதம் செய்கிறாள். அந்தக் கூந்தல் முடியப்படுவதைக் காண ஊர் பல இரவுகள் காத்திருக்க வேண்டும். கடைசி நாள் காலையில் படுகளத்தில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனின் தொடையைப் பீமன் வேடமிட்டவர் பிளக்கிறார். உள்ளே புதைத்து வைத்த செந்நீர் வெளிப்படுகிறது. அதைக் கூந்தலில் தடவிய பிறகே பாஞ்சாலி முடிகிறாள். சபதமும் நிறைவேற்றமும் ஒரே மணி நேரத்தில் நடந்திருந்தால் அது வெறும் சம்பவம். நடுவே கிடக்கும் அத்தனை இரவுகள்தான் அந்த முடிச்சுக்கு எடை தருகின்றன.

இனி மாங்காவுக்கு வருவோம். அகிரா தோரியாமா 1984 முதல் 1995 வரை வாராவாரம் எழுதி வரைந்த ‘டிராகன் பால்’ தற்காப்புக்கலை மாங்காவின் இலக்கணத்தை வகுத்த படைப்புகளில் ஒன்று. அதில் கோகு என்ற சிறுவனுக்குக் கிழ ஆசான் ரோஷி எடுத்த எடுப்பில் குத்தும் உதையும் சொல்லித் தருவதில்லை. முதுகில் கனத்த ஆமை ஓட்டைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் பால் போட வேண்டும், வெறுங்கையால் நிலத்தைக் கிளற வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுப் போன முதல் போட்டியிலேயே கோகு தோற்கிறான். அவனைத் தோற்கடித்தவர், ஜாக்கி சுன் என்ற பெயரில் மாறுவேடமிட்டு வந்த அதே ஆசான். சீடனுக்குத் தலைக்கனம் ஏறிவிடக் கூடாது என்பது அவர் கணக்கு. அடுத்த போட்டியிலும் தோல்வி. மூன்றாவதில்தான் வெற்றி. மாறுவேடத்தில் வந்து மோதிச் சோதிக்கும் குருவைச் செஞ்சி வட்டாரத்துக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பாசுபதம் வேண்டித் தவம் போகும் அருச்சுனன் வேடக்காரர், நட்டுவைத்த உயரமான தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார். மேலிருந்து அவர் வீசும் எலுமிச்சைக்கும் பூவுக்கும் விபூதிக்கும் பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருக்கிறார்கள். அந்தத் தவத்தின் முடிவில் வேடனாக வந்து அருச்சுனனோடு மல்லுக்கு நிற்பவர் சிவபெருமானே. தபசு என்பது பாரதத்தின் பயிற்சி அத்தியாயம்.

மசாஷி கிஷிமோட்டோவின் ‘நருட்டோ’ 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக, 72 தொகுதிகளாக வந்தது. ஊரே ஒதுக்கி வைத்த ஓர் அனாதைச் சிறுவன், இந்த ஊருக்கே நான் தலைவனாவேன் என்று முதல் அத்தியாயத்தில் சூளுரைக்கிறான். அந்தப் பதவியில் அவன் அமர்ந்திருப்பதை 700ஆம் அத்தியாயத்தில்தான் வாசகர் பார்க்கிறார். பதினைந்து ஆண்டு இடைவெளி. பிறப்பைக் காட்டி அவமதிக்கப்பட்ட வீரன், தன்னை மதித்த ஒருவனுக்காகக் கடைசி வரை நிற்கும் நட்பு ஆகியவை கர்ணனைப் பார்த்து அழுத ஊர்களுக்குத் தெரியாத உணர்ச்சிகளா? தேசிங்குராஜன் கதைப்பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து மாண்ட செஞ்சித் தலைவனின் கதை அது. யாருக்கும் அடங்காத குதிரையை அடக்குவதும், கலியாணக் கோலத்திலிருந்த தோழன் மகபத்கான் அதை விட்டுவிட்டுப் போருக்கு ஓடி வருவதும் அந்தப் பாடலின் உயிர்நிலைகள். நட்பு, உழைப்பு, வெற்றி என்ற மூன்றையும் ஜப்பானின் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் தன் கதைகளுக்கு அடிப்படையாகச் சொல்லிவந்தது. நம் கதைப்பாடல் வெற்றியின் இடத்தில் வீரமரணத்தை வைத்தது. மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஒற்றுமை கதையோடு நிற்கவில்லை, காட்டும் முறையிலும் இருக்கிறது. கூத்தில் முக்கிய வேடம் ஆடுகளமான களரிக்கு வரும்போது இருவர் திரை பிடிப்பார்கள். முதலில் குரல் மட்டும் கேட்கும். பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் விளிம்பு தெரியும், கீழே சலங்கை கட்டிய கால்கள் தெரியும். நடுவில் இருக்கும் முகம் தெரியாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நீ யார், எந்த ஊர் என்று குடைவான். பாட்டும் அடவும் ஏற ஏறப் பார்ப்பவர் பொறுமையின் எல்லைக்குப் போன பிறகே திரை விலகும். மாங்காவில் ஒரு பெரிய வீரன் நுழையும் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் கட்டத்தில் மண்ணில் ஊன்றிய பாதம், அடுத்ததில் காற்றில் அடிக்கும் துணி, அதற்கடுத்து அவனைப் பார்த்து மிரளும் இன்னொருவனின் கண், பக்கத்தைத் திருப்பினால் முழுப் பக்கத்துக்கு அவன் முகம். ஒன்று துணித்திரை, மற்றொன்று தாளின் மறுபக்கம், வேலை ஒன்றே. இது எங்கிருந்து எங்கே போனது என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. தெருவில் கதை சொல்லிப் பிழைத்த இரண்டு சமூகங்கள், கூட்டத்தை எழுந்து போகவிடாமல் உட்கார வைக்கும் வழியைத் தனித்தனியாகவே கண்டுபிடித்திருக்கலாம்.

தெரு என்று சொன்னது வெறும் பேச்சுக்காக அல்ல. 1930களில் ஜப்பானியத் தெருக்களில் காமிஷிபாய் என்ற கலை செழித்திருந்தது. சைக்கிளில் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வருபவர், பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்றுவிட்டு, படத்தட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார். பரபரப்பான இடத்தில் நிறுத்திவிட்டு நாளை வருகிறேன் என்று போய்விடுவார். தொலைக்காட்சி அந்தத் தொழிலை அழித்தது. ஆனால் அதற்குப் படம் எழுதியவர்கள் மாங்காவுக்குள் நுழைந்தார்கள். நிஞ்சாக் கதைகளால் புகழ்பெற்ற ஷிராட்டோ சன்பேயும், 1970இல் தொடங்கிய ‘ஒற்றை ஓநாயும் குட்டியும்’ என்ற சாமுராய்த் தொடரை வரைந்த கோஜிமா கோசெகியும் அந்த வழியில் வந்தவர்களே. நருட்டோவின் ஆசான் ஜிராய்யாவும், அவரோடு சேர்த்து எண்ணப்படும் சுனாதே, ஒரோச்சிமாரு இருவரும் கிஷிமோட்டோ புதிதாகக் கண்டெடுத்த பெயர்கள் அல்ல. தவளை, நத்தை, பாம்பு மந்திரங்கள் கொண்ட இந்த மூவர் 1839 முதல் வெளிவந்த ஒரு கதைவரிசையில் இருந்தவர்கள், 1852இல் கபுக்கி என்ற மரபு நாடக மேடையும் ஏறியவர்கள். பழைய மேடை மாங்காவுக்குப் பாத்திரங்களைத் தந்தது. 2015இல் ‘ஒன் பீஸ்’ மாங்கா கபுக்கியாக ஆடப்பட்டது, 2018இல் ‘நருட்டோ’. மாங்கா வாங்கியதை மேடைக்குத் திருப்பித் தந்தது. மரபு பிழைப்பதற்கு அங்கே கண்ட வழி, கதையைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருப்பது.

நாம் என்ன செய்தோம்? சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவே பின்னர் பொதிகையாகி, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. 1993இல், விழுப்புரம் தனி மாவட்டமாவதற்குச் சில மாதங்கள் முன்பு, சன் டிவி வந்தது. 2006இல், திண்டிவனத்தில் மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த ச. இராமதாசு நிறுவிய மக்கள் தொலைக்காட்சி, சினிமா இல்லாமலே ஓர் அலைவரிசையை நடத்திக் காட்டுவோம் என்று புறப்பட்டது. நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாட்டுப்புறக் கலை என்றாலே அரைமணி நேரம், பொங்கல் சிறப்பு நிகழ்ச்சி, அறிஞர் ஒருவரின் முன்னுரை என்ற அச்சு மாறவில்லை. கூத்துக் குழுவை நிலையத்துக்கு வரவழைத்து, பளிச்சென்ற விளக்கில் நிறுத்தி, திரை வருகையை ஒரு நிமிடமாகச் சுருக்கி, இதுதான் நம் பாரம்பரியம் என்று முடித்துவிட்டார்கள். பார்க்கும் பிள்ளைக்கு அங்கே தெரிவது ஒரு கிரீடமும் ஒரு கூச்சலும். இவர் யார், எதற்காகக் கொதிக்கிறார், நாளை என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு இடமே இல்லை. கர்நாடக இசையை ஜெயா தொலைக்காட்சி மார்கழி மகா உற்சவம் என்று தினம் ஒரு நிகழ்ச்சியாகப் பல ஆண்டுகள் ஒளிபரப்பியது. சபா இசைக்குக் கிடைத்த அந்தத் தொடர்ச்சி, இயல்பிலேயே தொடரான கூத்துக்குக் கிடைக்கவில்லை.

தொலைக்காட்சியில் நீண்ட கதை எடுபடாது என்று யாரும் சொல்ல முடியாது. பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் 1988 அக்டோபரில் தொடங்கி 1990 வரை 94 பகுதிகள் ஓடியது. இந்தி தெரியாத தமிழ் வீடுகளும் அதன் முன் உட்கார்ந்தன. 2007இல் வந்த சுட்டி டிவி ‘ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்’ தொடரைத் தமிழில் தந்தது. அந்தத் தலைமுறை இன்றும் அந்த வசனங்களைப் பேசிக் காட்டுகிறது. 2022இல் சோனி யாய் அலைவரிசை நருட்டோவைத் தமிழ் பேச வைத்தது. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானிய அசைபட வரிசையின் முழுநீளப் படம் தமிழ்க் குரலோடு திரையரங்குக்கே வந்தது. இந்தக் குரல் மாற்றங்கள் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம், அவற்றில் புகுந்த உள்ளூர்ப் பேச்சும் நையாண்டியும். கதை இறுகும் இடத்தில் இன்றைய ஊர்ச் சேதியைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு மறுபடி கதைக்குள் இழுத்துப் போவது கட்டியங்காரனின் வேலை. குரல் மாற்று வசனம் எழுதியவர்கள் அதைத் தெரிந்தோ தெரியாமலோ செய்தார்கள். கூத்துக்கென ஒதுக்கிய நிகழ்ச்சிகளில் முதலில் வெட்டுப்பட்டது கட்டியங்காரனின் பகுதிதான். நேரம் போதாது என்றார்கள்.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு: இன்றைய பிள்ளைகளுக்கு அரை நிமிட வீடியோ பார்க்கும் பொறுமைதான் உண்டு, பதினெட்டு இரவை யார் பார்ப்பார்கள்? இதற்கு 700 அத்தியாயங்களே பதில். கதாநாயகன் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை வெல்வதற்காகத் தொடர்ந்து காத்திருப்பவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று எப்படிச் சொல்வது? கூத்துப் பக்கமும் சான்று இருக்கிறது. ஊர்க்காரர்களே படம் பிடித்து யூடியூபில் ஏற்றியிருக்கும் கூத்துகளில் பல, இரவு முழுவதும் நீள்பவை. யாரும் அவற்றை வெட்டிச் சுருக்கவில்லை. தொழில்முறை ஒளிபரப்பாளர்கள் அஞ்சிய நீளத்துக்கு ஊர் அஞ்சவில்லை. சண்டைக் கதை பிள்ளைகளை முரடர்களாக்கும் என்பதும் இதோடு சேர்ந்து வரும் கவலை. மண் துரியோதனனின் தொடையைப் பிளந்து செந்நீர் காட்டும் விழாவைத் தலைமுறைகளாகக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்த ஊர்கள் அந்தக் கவலையை வைக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வன்முறைக்கு முன்னால் நீண்ட அடக்கமும் பின்னால் துக்கமும் வைக்கப்பட்டிருக்கின்றன. அடக்கத்தையும் துக்கத்தையும் வெட்டிவிட்டு அடியை மட்டும் காட்டும் துண்டு வீடியோக்களைப் பற்றி வேண்டுமானால் கவலைப்படலாம்.

இரண்டாவது மறுப்பு பணம். ஜப்பான்காரன் கோடி கோடியாய்க் கொட்டுகிறான், நம்மால் முடியுமா என்கிறார்கள். மாங்காவின் அடித்தளம் மட்டத் தாளும் கறுப்பு மையும்தான். 1968இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப், 1994இன் முடிவில் ஒரே இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியபோதும் அது மலிவு விலை வார இதழ். பகட்டான அனிமே அசைபடம் பின்னால் வந்தது; வாசகரைக் கட்டிப்போட்டது தாளில் இருந்த கதை. அந்த இதழ் வாசகர்களிடம் அஞ்சலட்டையில் கருத்துக் கேட்டு, பிடிக்காத தொடர்களைத் தயங்காமல் நிறுத்தியது. கூத்திலும் அதே கண்டிப்பு உண்டு. சரியாக ஆடாத குழுவுக்கு ஊர் அடுத்த ஆண்டு தாம்பூலம் வைக்காது. களரிக்கும் பெரிய செலவில்லை. ஒரு பெஞ்சு, ஒரு திரை, மத்தளம், ஆர்மோனியம், தாளம், முகவீணை போதும். செலவு குறைந்த, சுவைஞரின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்ட கலையைத் தொலைக்காட்சி அலங்காரப் பொருளாக்கியது. அரைமணி நேரப் பாரம்பரிய நிகழ்ச்சிக்கு நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது என்று சொல்லும் பார்வையாளரே உருவாகவில்லை.

மூன்றாவது மறுப்பு பெருமிதத்திலிருந்து வருவது. தற்காப்புக் கலையே காஞ்சிபுரத்துப் போதிதருமர் சீனாவுக்குக் கொண்டு போனது, அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது, நம்முடையதை நாமே கடன் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். 2011இல் வந்த ‘7ஆம் அறிவு’ திரைப்படம் இந்த எண்ணத்தைப் பரவலாக்கியது. போதிதருமரைப் பற்றிய பழைய சீனக் குறிப்புகள் அவர் ஊரைப் பற்றியே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அவரை ஷாவோலின் சண்டைக் கலையோடு இணைக்கும் கதை பதினேழாம் நூற்றாண்டு நூல் ஒன்றில்தான் தலைகாட்டுகிறது. வரலாறு எப்படியானாலும், மூலம் எங்களுடையது என்ற பெருமை ஒரு பிள்ளையைக்கூடக் கூத்துக் களரிக்கு அழைத்து வராது. விழுப்புரத்தில் எண்ணெய் தடவிய வழுக்கு மரத்தில் மல்லர் கம்பம் பழகும் சிறுவர் சிறுமியரைப் பாருங்கள். கம்பத்தைத் தொடைகளால் கவ்வித் தலைகீழாகத் தொங்கும் அந்த உடலுக்குப் பின்னால் எத்தனை வழுக்கல்கள் இருக்கும்! அந்தப் பயிற்சிக்கு ஒரு கதை வேண்டும், அந்தக் கதையின் நாயகன் அவர்கள் பேச்சில் பேச வேண்டும். அவர்கள் கேட்பது பூர்வீகப் பட்டா அல்ல.

கடைசி மறுப்பு எடை மிகுந்தது. கூத்து வழிபாட்டின் அங்கம், களரியில் நேரில் நடப்பது. அதைத் திரைக்குள் அடைத்தால் உயிர் போய்விடும் என்பார்கள். படுகள மண்ணின் புனிதத்தைத் திரையில் கொண்டுவர முடியாது என்பது உண்மையே. ஆனால் களரி எல்லாருக்கும் திறந்திருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விழுப்புரம் அருகே மேல்பாதியில், பட்டியல் சாதியினர் உள்ளே வருவதைத் தடுத்ததால் எழுந்த மோதலுக்குப் பிறகு, 2023 ஜூனில் வருவாய்த் துறை திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தது. எந்தப் பாஞ்சாலி நிறைந்த சபையில் அவமதிக்கப்பட்டாளோ அவள் கோயில் வாசலிலேயே மனிதர் அவமதிக்கப்பட்டனர். மாங்காவை எந்தத் தெருப் பிள்ளையும் எடுத்துப் படிக்கலாம். ஒதுக்கி வைக்கப்பட்டவன் தலைவனாகும் கதை அவன் நெஞ்சைத் தொடுவதில் வியப்பில்லை. வீட்டுக்குள் வரும் திரை, கோயில் வாசலில் கேட்கப்படும் கேள்வியைக் கேட்பதில்லை. மரபு மாறாது என்பதும் சரியல்ல: ஆண்களே ஆடிவந்த கூத்தைக் காஞ்சிபுரம் அருகே 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் கற்றுத் தந்து மேடையேற்றியது.

ஆகவே என் கோரிக்கைகள் மூன்று. டிடி தமிழ் போன்ற பொது ஒளிபரப்பு, கோடை விடுமுறையில் பதினெட்டு இரவு பாரதக் கூத்தை வரிசை மாறாமல் ஒளிபரப்ப வேண்டும். திரை வருகையும் கட்டியங்காரனும் முழுதாக இருக்க வேண்டும். அறிஞர் உரை தேவையென்றால் தனி நிகழ்ச்சியாக இருக்கட்டும். இரண்டாவது, எந்த இரவு பிடித்தது, எந்த வேடம் சோர்ந்தது என்று பார்வையாளர் சொல்லவும் கலைஞர் அதைக் கேட்டுத் திருத்தவும் ஒரு வழி வேண்டும். ஒளிபரப்பின் வருமானத்தில் குழுவுக்கு எழுத்துப்பூர்வமான பங்கும் வேண்டும். மூன்றாவது, படக்கதை. 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து அயல்நாட்டு நாயகர்களைத் தமிழ் வாசகருக்குத் தந்தன. கறுப்பு வெள்ளையில் அதே சிவகாசி அச்சில் தேசிங்குராஜனும் அபிமன்யுவும் மாதம் ஒரு பகுதியாக வர முடியாதா? மாங்கா படித்து வளர்ந்து, பாதத்திலிருந்து முகத்துக்குப் போகும் வித்தையைக் கைப்பழக்கமாக வைத்திருக்கும் இளைஞர்கள் இந்த மாவட்டத்திலேயே வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கூத்துக்காரர்கள் முன்னால் உட்கார வையுங்கள். மாங்காவை எதிரியாக நினைத்து நாம் இழந்த காலம் போதும். நம் கூத்தின் பலம் எது என்று நமக்கு எடுத்துக் காட்டிய சாட்சியாக அதை அழைத்துக்கொள்வோம்.